பாயிண்ட் அஞ்சு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குப்பி கழுவியது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கழுவிக் கொடுத்தாள், நான் துணிமேல் கவிழ்த்து வைத்தேன். உள்ளே விரல் விடாதே என்று இரண்டு முறை திட்டினாள். கருவிகளைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது என் தொழில். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

குடிநீர் அலுவலகத்தில் அம்மா தண்ணீர் சோதிப்பவள். பத்தொன்பது தெருக்குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குப்பி பிடித்து, ஒரு மாத்திரை போட்டு, நிறம் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு ஏறினால் குளோரின் இருக்கிறது. எவ்வளவு என்று நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஏறவே இல்லை என்றால் அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது.

அன்று கழுவியது இருபது. ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்றேன்.

"மேட்டுப் பக்கம் கடைசித் தெருவுல புதுசா ஒரு குழாய் போட்டிருக்காங்க. அங்க இருக்கிற தையல்காரம்மா, வந்து பாருங்கக்கான்னு கேட்டா. செவ்வாய்க்கிழமை போறேன்."

"லிஸ்ட்ல இல்லன்னா உன் வேலை இல்லையேம்மா?"

"அந்தப் பாட்டை நான் நாலு வருஷம் பாடியாச்சுடி."

பாடியது உண்மைதான். அதற்கு முன், ஒன்பதாம் குழாயில் நிறம் சரியாக ஏறவில்லை என்று ஒரு வருடம் எழுதிக்கொடுத்தாள். பதினொரு கடிதம். கடைசியில் இன்ஜினியர் கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பாயிண்ட் ஐந்து என்று போட்டுவிடுங்கள், உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்றார். நல்ல தண்ணீருக்கு உரிய எண் அது.

அதன்பின் அம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே பதிவேட்டை எழுதினாள். அதுவும் சலித்துப்போய், முதல் தேதியிலேயே மாதம் முழுவதற்கும் 0.5 எழுதி வைத்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பாயிண்ட் அஞ்சு' என்றே பெயர் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். லீவு போடு என்றேன், போட்டாள். பத்து நாள் என்னோடு வந்து இரு என்றாள் சித்தி, இருந்தாள். திரும்பி வந்து அதே சுவர். காலையில் செருப்பு மாட்டுவதற்குள் மூன்று முறை உட்காருவாள்.

ஒரு நாள் பதிவேட்டை மேசைமேல் வைத்திருந்தாள். தொழில் புத்தி, புரட்டினேன். பத்தொன்பது குழாய், பக்கம் பக்கமாக ஒரே எண். செத்த கருவிதான் இப்படிக் காட்டும் என்றேன். பிறகு ஒரு பக்கத்தில் விரல் வைத்தேன். முப்பது நாள் மாதத்துக்கு முப்பத்தோராம் தேதி. அன்றைக்கும் 0.5. கீழே இன்ஜினியர் கையெழுத்து.

அம்மா சிரித்தாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு முன்னால் கிளம்பிப் போனாள். ஒன்பதாம் குழாயில் மாத்திரை போட்டாள். நிறம் ஏறவில்லை. இன்னொன்று போட்டாள். நிறமே இல்லாத வெறும் தண்ணீராகவே நின்றது. பதிவேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 0 என்று எழுதினாள். அன்று மாலையே இன்ஜினியர் தன் அறைக்கு அழைத்தார். நாலு வருஷமாகச் சரியாக இருந்தது ஒரே நாளில் எப்படிப் பூஜ்யமாகும் என்று கேட்டார்.

"நாலு வருஷமா நான் எழுதினது பொய் சார். எனக்கு மெமோ குடுங்க, குழாய்க்கு மருந்து குடுங்க."

பொய் என்று ஒப்புக்கொண்டால் வேலையே போகும், யோசித்துப் பேசுங்கள் என்றார் அவர். அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"முப்பத்தோராம் தேதிக்கு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுதினா ரெண்டு மெமோவா எழுதுங்க."

மெமோ வந்தது. ஒன்றுதான். அதைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். ஒன்பதாம் குழாய்ச் சுவரில் சாக்கட்டியால் 0 என்று எழுதினாள். ஆள் அனுப்பி அழித்தார்கள். மறுநாள் இன்னும் பெரிதாக எழுதினாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அது என்ன என்று கேட்டார்கள், சொன்னாள். அவர்கள் குடத்தோடு அலுவலகத்துக்குப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் குழாய் இணைப்பு விட்டுப்போய், அழுக்கு உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

"நிறம் ஏறிடுச்சுடி. பொறந்த குழந்தை உள்ளங்கை மாதிரி," என்றாள் வந்ததும்.

வேலையில் பழைய ஆர்வம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"ஆர்வமா? எரிச்சல். எரிச்சல் இருந்தா காலையில கால் தானா நடக்குது."

அப்புறம் பத்தொன்பது சுவரிலும் தினமும் எண் எழுதினாள். யாராவது பாயிண்ட் அஞ்சு என்று கூப்பிட்டால், "எந்தக் குழாய்ல?" என்று கேட்பாள்.

ஆறு வருடம் அப்படி நடந்தாள். குப்பி கழுவிய மறுநாள், திங்கட்கிழமை காலை, பையோடு படியிறங்கியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழவில்லை.

துக்கம் கேட்க இன்ஜினியர் வந்தார். நல்ல உழைப்பாளி என்றார். கடைசித் தெருக் குழாயை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அது லிஸ்டில் இல்லையேம்மா என்றார். மெமோ அவர் தலைக்கு மேலே தொங்கியது. அவர் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையைத் திறந்தேன். இருபதாவது குப்பியில் துண்டுக் காகிதம் ஒட்டி, 'செவ்வாய், மேடு' என்று எழுதியிருக்கிறாள். குப்பி காலி. கடைசித் தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சுவரில் இன்னும் எண் இல்லை.