அடுக்களைப் பக்கத்துக்கு ஒரு பச்சை வேலி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு செல்போன். ரோட்டில் நின்ற டூரிஸ்ட் ஜீப்பிலிருந்து ஒருவர் அதை எங்கள் அடுக்களைப் பக்கம் நீட்டியிருந்தார். மூடுபனியைப் படம் எடுக்கிறார் என்று நினைத்தேன். பனி எதிர்ப்பக்கத்து ஏலக்காட்டில் இருந்தது. இந்தப் பக்கம் என் மனைவி குத்தவைத்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீடு வரை கேட்கும். சக்குபள்ளத்தில் சொந்த வீடு கட்டியபோது அவள் கேட்டது ஒன்றுதான், யார் கண்ணும் படாத ஒரு பின்பக்கம்.

"இப்படியே இருந்தா நான் போடிக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ஜீப்புக்கு டாட்டா காட்டிக்கிட்டு இருங்க" என்றாள்.

அன்றே உடும்பஞ்சோலை ரோட்டு நர்சரிக்குப் போனோம். சரிவு மண்ணில் மதில் நிற்காது. வருஷம் முழுக்க இலை அடர்ந்து நிற்கும் செடி வேண்டும். அரளி சீக்கிரம் வளரும், ஆனால் விஷம்; எங்கள் ஆடு கடித்தால் ஆடு செத்துவிடும். செம்பருத்தியை ஆடே முடித்துவிடும். குரோட்டன்ஸைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருக்கு" என்றாள்.

நர்சரிக்காரர் ஓரத்தில் இருந்த தேயிலை நாற்றைக் காட்டினார். "ஆடு திரும்பிப் பாக்காது. வெட்டாம விட்டா மரமாவே போகும். அக்காவுக்குத் தெரியாததா?"

"ரிட்டயர் ஆகியும் இது என்னை விடாது போல" என்றாள். வாங்கிக்கொண்டோம்.

நெருக்கி நட்டோம். இடுப்புவரை ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். உரம் மாற்றினேன். ஆட்டைச் சந்தேகப்பட்டு வேறு பக்கம் கட்டினேன்.

ஒருநாள் காலை அவள் போனைத் தோளில் இடுக்கி, மகளோடு பேசியபடி வேலி ஓரமாக நடந்தாள். இரண்டு கையும் செடிமேல் ஓடிக்கொண்டிருந்தன. முந்தானையில் கொழுந்து சேர்ந்திருந்தது.

"என்ன பண்ற?"

"என்ன பண்றேன்?" என்று குனிந்து பார்த்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில நாள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு மறந்துபோனாள், கை மறுபடி செடிமேல் ஓடியது. மறுபடி ஒரு ஜீப் நின்றபோது பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் போடியில் இருக்கிறாள். வேலி ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.