முகாமுக்கு ஒரே முகவரி

ராத்தா என் கடைக்கு வரும்போதெல்லாம் கையில் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் இமெயில் முகவரியும் அதற்குரிய பாஸ்வேர்டும் நீல மையில், முத்து முத்தான எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். பாஸ்வேர்டை இப்படிப் பகிரங்கமாக எழுதி வைக்கலாமா என்று நான் கேலி செய்தால், “ஊருக்குத்தானே தம்பி இந்த முகவரி, ஊருக்குத் தெரிஞ்சா என்ன?” என்பார். அது உண்மைதான். புத்தளத்தில், பாலாவிச் சந்திக்கு அருகே நான் ஃபோன், இன்டர்நெட் வசதியோடு கொமியூனிகேஷன் கடை நடத்திய காலம் அது. கடையிலிருந்து சற்று உள்ளே போனால், யுத்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு. கல்வீடுகள் எழும்பிப் பல வருடங்கள் ஆகியும் அதை முகாம் என்றே சொன்னோம். அந்த முகாம் முழுவதற்கும் இமெயில் முகவரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வீட்டுப் பிள்ளையின் கம்பஸ் கடிதமும், இன்னொரு வீட்டுக்காரரின் கட்டார் வேலைக் கடிதமும், யாரோ ஒருவரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் ராத்தாவின் முகவரிக்குத்தான் வந்து சேரும்.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடையே மூத்த சகோதரி. அவருக்கும் எனக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. நான் தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்துக்காரன். அவர் பதினெட்டு வயதில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கியவர். மீள்குடியேற்றச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில்தான் என் கடைக்கு வரத் தொடங்கினார். அரசாங்கக் காரியாலயத்துக்கு எழுதும் கடிதத்தைக்கூட ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்துத்தான் தொடங்குவார். நான் தட்டச்சு செய்து முடித்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்துவார். அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டுத்தர மாட்டார்.

அவருடைய ஊரில் காணிகளை மறுபடி அளந்து உரியவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தபோது, முகாமில் பதினான்கு குடும்பங்கள் விண்ணப்பித்தன. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக, ஏழெட்டுக் காரியாலயங்களுக்குப் பிரதியோடு போகவேண்டும். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பதினான்கையும் ராத்தாவின் முகவரியிலிருந்தே ஒரே மூச்சில் அனுப்பிவிடலாம் என்றேன். ராத்தா தயங்கினார். “எல்லாம் ஒரே நாளில, ஒரே இடத்தில இருந்து போனா கரைச்சல் வராதா தம்பி?” என்று கேட்டார். “இது என்ன தபால்காரன்ட சைக்கிளா ராத்தா, பாரம் தாங்காம விழுறதுக்கு?” என்று சொல்லிச் சிரித்தேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை விட்டால் இந்தச் சந்தியில் ஆள் இல்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. வியாழக்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து காணிகளைப் பார்ப்பார்கள். வரக்கூடியவர்கள் இன்றே, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் பதில் இமெயிலில் பெயர் கொடுக்கவேண்டும். பெயர் கொடுத்தவர்களின் காணி மட்டுமே பார்க்கப்படும். ராத்தா அதைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். அவருடைய வாப்பா எழுதி வைத்த காணியும் அதில் ஒன்று, கிணற்றோடு. பதினான்கு பெயரையும் தட்டச்சு செய்தேன், அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். சிவப்பில் ஒரு வரி வந்து மறைந்தது. வருகிற கடிதமெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, எல்லாவற்றையும் திறந்து வாசிக்க முடிந்தது. நாங்கள் எழுதுவது மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். வெளியேறி மறுபடி நுழைந்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், வேறு கம்ப்யூட்டரில் திறந்தேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன். காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் சொந்த முகவரியிலிருந்து பெயர்களை அனுப்பினேன். விண்ணப்பத்தில் உள்ள முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று ராத்தாவின் முகவரிக்கே பதில் வந்தது. ராத்தா அதை வாசித்துவிட்டு, “வாசிக்க விடுறாங்க, வாய் திறக்க விடுறாங்க இல்ல” என்றார்.

மதியம் அவர் லுஹர் தொழப்போன நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இமெயில் கம்பனியின் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில், மற்றக் கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. குறுகிய நேரத்தில் அளவுக்கு மிஞ்சிய கடிதங்கள் போயிருப்பதால் இந்த முகவரியிலிருந்து அனுப்புவது ஒரு நாளைக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, வருவதை வாசிக்கலாம் என்று அதில் இருந்தது. முதல் நாள் ராத்தா கேட்டாரே, அதே விஷயம். வெட்கம் என் காதுவரை ஏறியது. அந்தக் கடிதத்தை அழித்தேன். முகவரியில் இடம் போதவில்லை போல, துப்புரவு செய்து பார்க்கிறேன் என்று, திரும்பி வந்த அவரிடமே சொல்லிக்கொண்டு குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். எப்படியும் நாலு மணிக்கு முன் தடை நீங்கிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது நீங்கியபோது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகையும் கழிந்துவிட்டது. அப்போதே பெயர்களை அனுப்பினோம். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.

நேரில் போனால் மறுக்கமாட்டார்கள் என்று ராத்தா நம்பினார். புதன்கிழமை காணி உறுதிப் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மற்றவர்களுக்கு உப்பள வேலை, பிள்ளைகளின் பரீட்சை. இருவர் மட்டும் கூடப் போனார்கள். வியாழக்கிழமை அதிகாரிகள் பெயர்ப் பட்டியலோடு வந்தார்கள், அவருடைய காணி எல்லையோடு நடந்து போனார்கள். ராத்தா கூப்பிட்டார். பட்டியலில் பெயர் இல்லை, எழுதிப் போடுங்கள் என்றார்களாம். மறு கிழமை வந்த அறிக்கையை நான்தான் திறந்தேன். அவருடைய பெயருக்கு நேரே, ‘விண்ணப்பதாரர் சமுகமளிக்கவில்லை’ என்று இருந்தது. “நான் அங்கதானே நிண்டேன் தம்பி” என்று மூன்று தரம் சொன்னார்.

பதில் அனுப்பாததற்கான காரணத்தை ஆதாரத்தோடு இரண்டு கிழமைக்குள் எழுதலாம் என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. ஆதாரம் என்றால் நான் அழித்த அந்த ஒரு கடிதம்தான். அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, கீழே நான் கையெழுத்தாவது போட்டிருக்கலாம். அதுவும் செய்யாமல், ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று இரண்டே சொல்லில் எழுதினேன். ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று பதினான்கு விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்கள். முகாமில் பழி ராத்தா தலையில் விழுந்தது. தன் காணியைப் பார்க்க மட்டும் ஓடிப்போனவர், எங்கள் பெயரை அனுப்பாமல் விட்டவர் என்று கதை கட்டினார்கள். செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். நான் கடையில் இருந்தபடியே அந்தக் கதைகளைக் கேட்டேன், ஒருவரையும் மறுத்துப் பேசவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

இன்று முகாமில் எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, ஆளுக்கொரு முகவரி இருக்கிறது. என் கடையும் இப்போது இல்லை. தள்ளப்பட்ட விண்ணப்பங்களை மறுபடி பார்ப்பார்களாம், புதிய காரணம் இருந்தால் எழுதலாமாம் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி, அடையாள அட்டை இலக்கமும் போட்டு, கையெழுத்து வைத்து, ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டு போனேன். ஆங்கிலக் கடிதத்தை அழித்த இடத்தை அவர் நிறுத்தி மறுபடி வாசித்தார். முகத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். “சொல்லியிருந்தா நாங்க வேற வழி பார்த்திருப்போமே” என்றார். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்டைக்கு அவங்க என்னைத் தாண்டிப் போன பிறகு, வாப்பாட கிணத்தடியில நிண்டு அல்லாஹ்விட்ட துஆ கேட்டேன் தம்பி. எங்களுக்காக நாள் முழுக்கப் பாடுபட்ட பிள்ளை எண்டு, முதல் உங்கட பேரைச் சொல்லித்தான் கேட்டேன்.”