சர்க்கார் கல்

எனக்குப் பட்டா கொடுத்தபோது கை தட்டினார்கள். செஞ்சியில் பந்தல் போட்டு, மைக் வைத்து, எங்கள் காலனிப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீட்டுமனைப் பட்டாவைக் கையில் தந்தார்கள். மறுநாள் மனையைப் பார்க்கப் போனோம். சுற்றிலும் முள்வேலி. உள்ளே பக்கத்து நிலத்துக்காரரின் மல்லாட்டைச் செடி, நிலக்கடலைதான், பூத்திருந்தது.

தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். ஒருவழியாக வந்த சர்வேயர், "அளவுக்கல்லு எதையும் காணோம். எங்கருந்து அளக்கறது?" என்றார். நிலத்துக்காரர் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் கணவர் கொத்தனார், சண்டையென்றால் ஒதுங்குகிறவர். "வுடு மே, அவங்கள எதுத்துக்கினு நாம இருக்க முடியுமா?" என்றார்.

அடுத்த வாரம் அதே நிலத்துக்காரரிடம் களையெடுக்கப் போனேன். வேறு கூலி எங்கே கிடைக்கும்? மத்தியானம் கை கழுவ கிணற்றடி மோட்டார் கொட்டகைக்குப் போனபோது, துணி துவைக்கப் போட்டிருந்த கல் கண்ணில் பட்டது. தலையில் அம்புக்குறி வெட்டிய சர்க்கார் கல். பக்கத்தில் இன்னொன்று குப்புறக் கிடந்தது. சர்வேயர் காணோம் என்ற அளவுக்கற்கள் இவைதான். களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

நிலத்துக்காரர் ஓடிவந்தார். "எயுந்திரு! என் கெணத்தண்ட குந்திக்கினு இன்னா வம்பு பண்ற?"

"கெணறு உங்களுது. கல்லு சர்க்காருது. சர்வேயர் வர்ற வரைக்கும் எயுந்திருக்க மாட்டேன்."

என்னோடு களையெடுத்த பெண்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். சேதி கேட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த கணவரிடம், "என்னக் கூப்டாத. போய் சர்வேயர இட்டுக்கினு வா" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர், சைக்கிளைத் திருப்பினார்.

பொழுது சாயுமுன் சர்வேயர் வந்தார். கல்லைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அளவுக்கல்லைப் பிடுங்குவது குற்றம் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "எதுக்கு இவ்ளோ டென்ஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, ரோட்டோரத்தில் இருந்த வேறொரு அளவுக்கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளந்தார். அந்தக் கல் அவர் முதலில் வந்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

எல்லை நேராக மல்லாட்டைக்குள் போனது. "காய் முத்தட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் நிலத்துக்காரர்.

"வேணாம். செடிய நாங்களே புடுங்கித் தர்றோம். கூலிகூட வேணாம்" என்றேன்.

மறுநாளே வேலியைப் பிரித்தோம். அதன்பின் அவர் நிலத்தில் எங்கள் யாருக்கும் வேலை இல்லை. மேல்மலையனூர்ப் பக்கம் பஸ் ஏறிப்போய்க் களையெடுத்தேன். குடிசை போடும்போது, வாசலைப் பின்பக்கம் வைத்தால் நிலத்துக்காரர் கண்ணில் படாது, தொந்தரவு இருக்காது என்றார் கணவர். முடியாது என்றேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி, ரோட்டைப் பார்த்தே வைத்தோம்.