என் பெயருக்கருகே ஒரு சிலுவை

மனைவியை டென்மார்க்குக்கு அழைக்க நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதிலே வராத காலம் அது. யாரையும் நம்ப முடியவில்லை. கோப்பன்ஹேகன் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலைநேரப் பட்டியலில் என் பெயருக்கருகே சீனச் சமையல்காரர் சிலுவை போடுவதைக் கண்டேன். என்னை நிறுத்தப்போகிறார்கள் என்று நினைத்து, அவரையே மறித்துக் கேட்டேன்.

“சிலுவையில்லை, எங்கட சீன எழுத்தில பத்து,” என்றார் அரைகுறை டேனிஷில். “ஆதியில ஒற்றைக்கோடுதான், குறுக்குக்கோடு பிறகு வந்தது. ஜப்பான்காரரும் இப்பிடித்தான் எழுதுவினம், சொல்லுறதுதான் வேற.”

“அதை ஏன் என்ர பேருக்குப் பக்கத்தில போட்டனீங்கள்?”

“நீர் விண்ணப்பம் போட்டுப் பத்து மாசம். மனிசி எப்ப வருவா எண்டு நானும் எண்ணிக்கொண்டிருக்கிறன்.”

அவரிடம் ஒரேயொரு தடவைதான் அதைச் சொல்லியிருந்தேன். என்னோடு சேர்ந்து காத்திருந்த ஒரே மனிதரைத்தான் நான் சந்தேகப்பட்டிருந்தேன்.