கருவாட்டுப் பகுதியில் அப்பா

இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அப்பாவைப் பற்றி ஒரு செய்தியைத் தவறாக அறிந்திருக்கிறீர்கள். தவறு உங்களுடையதல்ல. சாந்தன்பாறையில் அப்பா கணக்கராக இருந்தார் என்று முதலில் சொன்னவர்கள் நாங்கள். பிறகு உண்மை தெரிந்தவர்கள் பலர் எங்கள் முகத்துக்காகத் தெரியாததுபோல இருந்தீர்கள். அதற்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அப்பா துந்துபி ஆண்டு ஆவணியில், கொல்லம் கணக்கில் 1098 பிறந்த கையோடு, இதே வீட்டில் பிறந்தார். பாலக்காட்டில் ஆற்றங்கரை ஒட்டிய எங்கள் அக்ரகார வீதியைக் கிராமம் என்றே சொல்வது வழக்கம்; அந்தக் கிராமத்தில் எங்களுடையது குத்தகைக்குப் பாட்டநெல் வரும் வீடு. அப்பா இண்டர்மீடியட் வரை படித்தார். யாரிடமும் கைகட்டி வேலை பார்க்க வேண்டிய நிலை வரவில்லை. குத்தகைக்காரர்களின் வரவு செலவைப் பார்ப்பதும், மாலையில் வாசிப்பதும், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பதுமாக நாற்பத்தேழு வயது வரை இருந்தார். மார்கழியில் கிராமம் கூடி நடத்தும், ஐயப்பன் வழிபாடும் விருந்துமான சாஸ்தா ப்ரீதிக்கு அரிசி எங்கள் வீட்டு உபயம். அதை அப்பா பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் அரிசி மூட்டைகள் இறங்கும்போது வாசலில் வந்து நிற்பார்.

எழுபதாம் ஆண்டு பிறந்தபோது நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. உழுதவர்களுக்கே நிலம் போயிற்று. "அவா உழுதா, நாம உண்டோம். எத்தனை காலம் நடக்கும்?" என்றுதான் அப்பா சொன்னார். கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு மார்கழி கழிந்தது. அடுத்த மார்கழியில் உபயப் பட்டியலை வாசிக்கும்போது அரிசிக்கு வேறு வீட்டுப் பெயர் வந்தது. அப்போது நான் வயது வந்த பெண். அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர் சாப்பிட வேண்டிய வீடு.

மலைமேல் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் பெரிய மளிகைக் கடை ஒன்றில் கணக்கெழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அப்பா மனுப் போட்டார். முத்துமுத்தான ஆங்கிலத்தில் எழுதிய மனு. வரச்சொல்லிப் பதில் வந்ததும் கிராமம் முழுவதும் தெரிந்துவிட்டது. பரிதாபி ஆண்டு ஆனி மாதம், 1972இல், அப்பா பஸ் ஏறினார். வழியனுப்ப எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லோரும் வந்தார்கள்.

அங்கே நடந்ததை அப்பாவே பின்னால் சொன்னார். முதலாளி போடிக்காரர். மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, பிறகு சொல்லியிருக்கிறார்:

"கணக்குக்கு எம் மருமகன் வந்துட்டாரு சாமி. வீட்ல சொல்லும்போது தட்ட முடியல. ஆனா ஒங்களத் திருப்பி அனுப்ப மனசில்ல. கருவாட்டுப் பகுதிக்கு ஒரு ஆள் வேணும்."

அப்பா தொட்டறியாத பண்டம் என்று மட்டும் சொன்னாராம்.

"அதுக்குத்தான் சாமி ஒங்களக் கேக்குறது! திங்கிற ஆளப் போட்டா நிறுக்குறதுல பாதி அவன் வீட்டுச் சட்டிக்குப் போயிருது. மூணு பேர மாத்திட்டேன். நீங்கன்னா ஒரு நெத்திலி கொறையாது பாருங்க."

இதைவிட நல்ல நற்சாட்சி அப்பாவுக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை. இதைவிட வெட்கமும் நேரவில்லை. திரும்பி வந்திருக்கலாம். வழியனுப்ப வந்தவர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன என்றார். "வேலை ஏற்றாகிவிட்டது, சௌக்கியம்" என்று வீட்டுக்கு எழுதினார். எந்த வேலை என்று எழுதவில்லை. கணக்குவேலையைத் தவிர வேறொன்று இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பாய்க்கட்டுகளில் கருவாடு வரும். அதைப் பிரித்து, தரம் பார்த்துப் போட பேச்சியம்மாள் என்ற அம்மாள் இருந்தார். நிறுத்துக் கொடுப்பது அப்பா. படுக்கையும் அந்தக் கிடங்கை ஒட்டிய அறையில். முதல் மாதங்களில் துண்டில் ஏலக்காயை முடிந்து மூக்கில் கட்டிக்கொண்டு நிறுத்தாராம். சந்தை நாளில் தோட்டத்துப் பெண்கள் விடமாட்டார்கள்.

"என்ன சாமி, மூக்கக் கட்டிக்கிட்டீக? எங்க கொழம்புக்கு இப்பவே தாளிப்பா?"

"நெத்திலி புதுசான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க சாமி, ஒங்க வாக்கு பலிக்கும்!"

"சும்மா இருங்கடி, பாவம், அந்த மனுசன் பெத்த தாய்க்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும்" என்று பேச்சியம்மாள் அதட்டுவாராம்.

நாளடைவில் அப்பா துண்டை அவிழ்த்துவிட்டார். நாற்றம் தெரியாமல் போயிருந்தது. பழகிவிட்டது என்று நிம்மதிப்பட்டார். ஊருக்கு வரும்போது மட்டும் எச்சரிக்கையாக இருந்தார். நேரே ஆற்றுக்குப் போய்க் குளித்து, உடுத்து வந்தது அத்தனையும் அலசி, ஈரத்தோடு வீடு நுழைவார். மலைக்குப் போனபின் அனுஷ்டானம் கூடிவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபத்துநான்காம் ஆண்டு மார்கழி. எனக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையன் கோயம்புத்தூரில் பாங்கில் வேலை. அவருடைய தகப்பனார் சாஸ்தா ப்ரீதிக்கு எங்கள் கிராமத்துக்கு வருவதாகவும், அன்றே தாம்பூலம் மாற்ற நாள் குறிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அப்பாவும் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. பாயசத்துக்கு வேண்டிய ஏலக்காய் முழுவதும் தம் உபயம் என்று முன்கூட்டியே கிராமக் காரியஸ்தருக்கு எழுதியிருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டியலில் மீண்டும் எங்கள் வீட்டுப் பெயர். தோட்டத்தில் நேரே வாங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துணிப்பையில் கட்டித் தம் அறையிலேயே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அன்றும் வழக்கம்போல ஆற்றில் குளித்தார், துணியை அலசினார். ஏலக்காயை அலச முடியாதல்லவா? அதைக் கரையில் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தார்.

காலையில் சமையல் கொட்டகையில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மாவும் நானும் தேங்காய்த் துருவல் கொண்டுபோயிருந்தோம். தலைமைச் சமையல்காரர் கிச்சாமி பையை அவிழ்த்தார். முகத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். மீண்டும் குனிந்தார்.

"ஏலக்காய் ஆரு கொண்டுவந்தது?"

"நானாக்கும். பேஷான சாதனம். ஒரு சொத்தை இருந்தா என்னைக் கேளு" என்று அப்பா முன்னால் வந்தார்.

"மோந்து பார்த்தேளாண்ணா?"

"பின்னே? மோக்காமலா பகவானுக்குக் கொண்டுவருவன்?"

"இன்னொரு தடவை மோந்து பாருங்கோ."

அப்பா ஒரு கை அள்ளி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "நன்னா மணக்கறதே!"

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்துவந்து பைக்குள் எட்டிப்பார்த்தார். "மணக்கறது, மணக்கறது. கொச்சித் துறைமுகமே மணக்கறது!" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். வரனின் தகப்பனார் காரியஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அப்பா மறுபடியும் முகர்ந்தார். பிறகு பையில் முகத்தையே வைத்தார். நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிவது தமக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்த கணம் அது. நான் தேங்காய்த் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிச்சாமி நல்லவர். "பஸ்லே ஏதாவது கூடைக்குப் பக்கத்திலே வெச்சுட்டேளோ என்னமோ. இந்தக் காலத்திலே பஸ்லே எதைத்தான் ஏத்தறதில்லே?" என்று அவரே ஒரு வழி திறந்து கொடுத்தார்.

அப்பா அந்த வழியே போகவில்லை.

"பஸ் இல்லை கிச்சாமி. நான் அங்கே கணக்கு எழுதலை. மளிகைக் கடையிலே கருவாடு நிறுக்கறேன். பை என் ரூம்லே இருந்தது. ரூம் கிடங்குக்குப் பக்கத்திலே. எனக்கு இப்போ அது தெரியறதில்லை."

காரியஸ்தர் தரையைப் பார்த்தபடி, "பையை ஆத்துக்குக் கொண்டுபோயிடுங்கோ. கடையிலேந்து வேறே வாங்கிக்கலாம்" என்றார். சாப்பிட வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அப்பா பையோடு வீட்டுக்கு நடந்தார். அம்மா பின்னால் போனாள். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா வெடித்தாள். "அவன்தான் பஸ்னு எடுத்துக் கொடுத்தானே! ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா? பொண்ணோட காரியம் நடக்கற சமயத்திலேயா உங்களுக்கு அரிச்சந்திர வேஷம்?"

அப்பா ஊஞ்சலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தார். "அரிச்சந்திரனும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டு வருஷம் மறைச்சவன்தானே நான்? மேலே என்ன நாத்தம் வரதுன்னு எனக்கே தெரியலை. தெரியாதவன் எப்படீடீ மறைக்கறது? இன்னிக்கு ஏலக்காய். நாளைக்குச் சம்பந்தியாத்துக் கூடத்திலே என் மேல்துண்டு. அப்போ இவள் அந்தாத்திலே இருப்பாள்."

நாள் குறிக்க யாரும் வரவில்லை. சில வாரங்கள் கழித்து அப்பா அவர்கள் வீடு தேடிப் போனார். குளித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. குளித்து வரட்டும் என்று வாசலில் நின்றிருந்து, பிறகு திரும்பிவிட்டார். அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு இன்று வருத்தமில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது கணக்கர்.

அப்பா மலைக்குத் திரும்பினார். அதே வேலை. எழுபத்தாறில் மருமகன் தனிக்கடை வைத்துப் போனபோது முதலாளி அப்பாவைக் கணக்குக்கு மாற்றினார். வீட்டில் எத்தனை சந்தோஷப்பட்டோம் என்பதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஒரு பருவம்கூட நிலைக்கவில்லை. கிடங்கில் வஞ்சிரம் குறைய ஆரம்பித்தது. "சாமி, கோவிச்சுக்காதீக" என்று முதலாளி பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார். இதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் கொல்லைப் பக்கமாக வந்து, கிணற்றடியில் குளித்து, அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா அருகில் போய் நிற்பாள். "வரலாமா?" என்பார். "வாங்கோ" என்பாள். அதற்குள் நான் கூடத்தில் சாம்பிராணி போட்டிருப்பேன். சாஸ்தா ப்ரீதிக்கு அப்புறம் ஒருமுறையும் வந்ததில்லை.

எழுபத்தெட்டு ஆனி மாத மழையில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடையின் ஜீப்பிலேயே போடி வரை கொண்டுவந்து, அங்கிருந்து முதலாளியின் ஆள் ஒருவர் துணையாக வந்து வீட்டில் சேர்த்தார். கோயம்புத்தூர் வைத்தியமும் பலிக்கவில்லை. காளயுக்தி ஆண்டு ஆடி மாதம், கிருஷ்ண பட்சத்தில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அப்பா காலமானார். வயது ஐம்பத்தாறு நிறையவில்லை.

சில நாளில் சாந்தன்பாறையிலிருந்து முதலாளியும் பேச்சியம்மாளும் கடையாட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டுக்கு வரவில்லை. கிராமம் தொடங்கும் இடத்தில் அரசமரத்தடியில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடம் சொல்லி அனுப்பினார்கள். செய்தி கேட்டுத் தம்பியும் நானும் போனோம். துக்கம் காக்கும் அம்மாவும் வாசலைத் தாண்டி வந்துவிட்டாள்.

"ஏன் இங்கேயே நின்னுட்டேள்?" என்று அம்மா கேட்டாள்.

முதலாளி பேச்சியம்மாளைப் பார்த்தார். பேச்சியம்மாள்தான் சொன்னார். "சாமி சொல்லிருக்காரும்மா. எது வந்தாலும் எங்க தெருப்பக்கம் வந்துராதீகன்னு. வேலைக்குச் சேந்த புதுசுல சொன்னாரு."

"அப்புறம்தான் இங்கே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்ச பெறகும் வாங்கன்னு சொல்லலயேம்மா. சொல்லாம எப்படி வாறது?"

அம்மா அந்த அம்மாளின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அவர்கள் நடை வரை வந்தார்கள். மோர் குடித்தார்கள், நின்றபடியே. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு அவர்களுக்கு நாங்கள் எழுதவில்லை. மறந்துபோகவில்லை. எழுத வேண்டாம் என்று பேசி முடிவெடுத்தோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன்.

இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது பெரியப்பா அன்போடு சொன்னார்: "'வியாபார ஸ்தாபனத்தில் உத்தியோகம்'னு போட்டாப் போராதா? பொய்யும் இல்லை."

அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "அவர் மனுப் போட்டது உத்தியோகத்துக்கு. பார்த்தது வேறே வேலை. சபையிலே அவரே சொன்னதை நாம எதுக்கு அச்சிலே முழுங்கணும்?"

ஆகவே எழுதிவிட்டேன். அப்பா சாந்தன்பாறையில் ஒரு மளிகைக் கடையின் கருவாட்டுப் பகுதியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த வேலையில்தான் தம்பி படித்தான்; நான் தட்டெழுத்துக் கற்று இன்று கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன்.

நோயில் துணைநின்ற வைத்தியருக்கும், தோள் கொடுத்த அயலாருக்கும், அன்று ஒரு வழி திறந்து கொடுத்து, இன்றும் சமைக்க வந்திருக்கும் கிச்சாமி அவர்களுக்கும் எங்கள் வணக்கம். சாந்தன்பாறையிலிருந்து முதலாளி அவர்களும் பேச்சியம்மாளும் மற்றவர்களும் இம்முறை எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார்கள். வைதிகர்கள் உண்டு எழுந்தபின் கூடத்தில் போடும் முதல் பந்தியில் அவர்களுக்கு இலை போடுகிறோம். அம்மா பரிமாறுவாள். கூட உட்கார மனமுள்ள உறவினர்கள் அவர்களுக்கு இரு பக்கமும் வந்து உட்காரும்படி வேண்டுகிறோம். மனம் வராதவர்களை நாங்கள் குறைசொல்லும் இடத்தில் இல்லை. இரண்டாம் பந்தியும் உண்டு.

மகள்
சித்தார்த்தி ஆண்டு, ஆடி மாதம்