ஹவில்தார் சம்சாரம்

"அழகேசன்!" என்று கூப்பிட்டதும் செல்வம்மாள் முதலில் வாசலைத்தான் பார்ப்பார். யாரும் வரவில்லை என்பது உறுதியான பிறகே, "வந்துட்டேங்க" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவார். பெரம்பலூரில் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக இப்படித்தான் நடந்தது. அழகேசன் அவருடைய கணவர். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்தும் அதே பத்து வருஷம். கார்டு அவர் பெயரில். பிரஷர் மாத்திரை செல்வம்மாளுக்கு.

மாதம் ஒருமுறை சிறுவாச்சூரிலிருந்து பஸ் ஏறுவார். மஞ்சள் பையில் கார்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், தண்ணீர் பாட்டிலில் நீர்மோர். கவுண்டரில் இருக்கும் தென்றல், "பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டால் சொல்ல மாட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக அவருடைய ராணுவ எண்ணை ஒப்பிப்பார். அதுவும் இந்தியில். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தார். வழி தவறிப்போனால் சொல்லட்டும் என்று கணவர் மனப்பாடம் செய்ய வைத்த எண் அது. மற்றபடி இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "காய்கறிக்காரன்கிட்டயும் இந்த நம்பரத்தான் சொல்லுவேன். அவனாப் பாத்து ஏதாச்சும் போடுவான்" என்பார்.

ஆஸ்பத்திரியில் உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பெஞ்சு சுபேதார் வீட்டுப் பெண்களுக்கு. அடுத்தது ஹவில்தார் வீட்டுப் பெண்களுக்கு. சிப்பாய் வீட்டுப் பெண்கள் சுவரோரம். எங்கும் எழுதி வைக்கவில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் சுபேதார் குருநாதனின் மனைவி பரிமளா ஒரு பார்வை பார்ப்பார். தெரியாமல் உட்கார்ந்தவர் தானே நகர்ந்துவிடுவார்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். வேலு நாச்சியார் படையில் இருந்த குயிலியின் பெயரை அதற்கு வைக்கலாமா, சங்கத்தில் கேட்டுச் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்தது. இறந்தவர்களின் மனைவிமாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் செல்வம்மாளும் கூட்டத்துக்குப் போனார்.

குருநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. "தன் மேலயே தீ வச்சுக்கிட்டு வெடிமருந்துக் கிடங்குல குதிச்ச அம்மாங்கறாங்க. நான் மறுக்கல. ஆனா ரேங்க் என்னா? ரேங்க் தெரியாம போர்டுல எப்புடிய்யா எழுதறது?"

"தீக்காயத்துக்கு இங்க டாக்டரே கெடையாதே" என்று இன்னொருவர் கவலைப்பட்டார்.

பரிமளாவுக்கு வேறு சந்தேகம். "அந்தம்மா யாரு சம்சாரம்?"

ஆஸ்பத்திரி சார்பில் கடிதத்தைக் கொண்டுவந்திருந்த தென்றல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது ஒண்ணும் போடலங்க. அவங்களே சண்ட போட்டவங்க."

கடைசி வரிசையிலிருந்து செல்வம்மாள் கையைத் தூக்கினார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்ததில்லை.

"அப்ப அந்தம்மாவுக்கு இங்க கார்டு போட்டா, அவங்க பேருலயே போடுவீங்களா?"

"ஆமாங்கம்மா. பின்ன?"

"அவங்க பேரச் சொல்லியே கூப்புடுவீங்க?"

"ஆமாங்க."

"எந்தப் பெஞ்சுல உக்காருவாங்க?"

குருநாதன் மனைவியைப் பார்த்தார். பரிமளா மின்விசிறியைப் பார்த்தார். செல்வம்மாள் எழுந்துபோய் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சுவரோரத்துப் பெண்கள் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள்தான் அதிகம் பேர். பெயர் முடிவாகிவிட்டது.

புதுக் கட்டடம் திறந்து, குயிலி பெயருள்ள போர்டுக்குக் கீழே நுழைந்த முதல் மாதம். "அழகேசன்!" என்ற சத்தம் வந்தது. செல்வம்மாள் வாசலைப் பார்க்கவில்லை. எழவும் இல்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத் தென்றல் எழுந்து வந்தார்.

"ம்மா, உங்களத்தாங்க."

"அவரு செத்துப் பத்து வருசமாச்சு. நானும் மாசாமாசம் வாசலப் பாத்துட்டேன். இனிமே வரமாட்டாரு. மாத்திர எனக்குத்தான? என்னயக் கூப்புடு."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க வருது."

"கம்ப்யூட்டருக்கா பிரஷரு?"

வரிசை அப்படியே நின்றது. ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். செல்வம்மாள் பாட்டிலைத் திறந்து நிதானமாக நீர்மோர் குடித்தார். கடைசியில் பரிமளாதான் பொறுக்கமுடியாமல் கத்தினார். "அந்தம்மா பேரச் சொல்லிக் கூப்புட்டுத் தொலையேன் புள்ள! எங்களுக்கும் வூட்டுல சோலி கெடக்கு."

இப்போதும் கார்டில் அழகேசன்தான். மின்விசிறிக்குக் கீழே பரிமளாதான். கவுண்டரில் கேட்டால் செல்வம்மாள் இந்தியில் எண்ணைத்தான் சொல்கிறார். ஆனால் தென்றல் டோக்கனின் ஓரத்தில் பென்சிலால் பெயரைக் குறித்துக்கொண்டு, "செல்வம்மாள்!" என்று கூப்பிடுகிறார். செல்வம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் முதல் தடவைக்கு எழுவதில்லை. இன்னொரு தடவை கூப்பிட வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுகிறார்.