கிளிவெட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட பிணம்

நான் நடித்துப் பன்னிரண்டு படங்கள் வெளிவந்திருக்கின்றன. பத்தில் செத்துப்போனேன். மற்ற இரண்டிலும் இடைவேளைக்கு முன்பே என் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உயிரோடு இருந்தேனா இல்லையா என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு படத்தின் கதைகூட எனக்கு முழுதாகத் தெரியாது. எல்லாம் பத்து நாளில், கையில் இருக்கிற காசுக்குள் எடுத்து முடிக்கிற படங்கள். கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். "ஐயா, இடப்பக்கம் பாத்து அழுங்கோ" என்றால் அழுவேன். யாருக்காக என்று கேட்டால் இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெளிவந்த பிறகு பார்க்கலாம்தான். என் பிணத்தை நானே பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

மற்ற நாட்களில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓட்டோ ஓடுகிறேன். ஏறுகிறவர்கள் கண்ணாடியில் என் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களை எங்கயோ கண்டிருக்கிறன்" என்பார்கள். "ஓம், சவப்பெட்டிக்குள்ள கண்டிருப்பீங்கள்" என்பேன். பாதி வழியில் இறங்கிப் போனவர்களும் உண்டு.

செத்த காட்சி முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டு, எழும்பி உட்கார்ந்து, கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தோஷம் கழியுமாம். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள், படத்தில் வராது. இதற்குச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என் மனைவி என்னை நடிக்கவே விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: "எழும்பிச் சிரிச்சனீங்களோ?"

ஒன்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு படப்பிடிப்பில் அப்படித்தான் எழும்பிச் சிரித்துவிட்டுப் போனைக் கேட்டேன். எல்லாருடைய போனையும் காலையிலேயே ஒரு பையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அண்ணன் இருபத்தேழு தரம் கோல் எடுத்திருந்தார். அம்மா விடியற்காலையில் போயிருந்தா. கிளிவெட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை. எங்களில் தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன். அது நான். வைத்தது அண்ணன். வாசல் படலையில் நின்ற அவர் என் காதோரத்தில் கழுவாமல் கிடந்த வெள்ளைப் பவுடரைப் பார்த்தார். "போய் உன்ர செத்தவீட்டைப் பார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர் அவர்தான்.

இந்த வருடம் அன்புவழிபுரத்தில், நான் குடியிருக்கிற பகுதியிலேயே, ஒரு படம் எடுத்தார்கள். கதை தொடங்குமுன்பே செத்துவிட்ட அப்பா நான். தலைக்கு வெள்ளை அடித்து, கண்ணாடி போட்டுப் படம் பிடித்தார்கள். கண்ணீர் அஞ்சலி பனர் எழுத வந்த பையன் கொழும்பில் வளர்ந்தவன், எங்கள் மரண அறிவித்தல் பாணி அவனுக்குத் தெரியாது. என்னைக் கேட்டான். நானும் பெரிய ஆள்போல, வாயில் வந்தபடி, "கிளிவெட்டியைப் பிறப்பிடமாகவும் அன்புவழிபுரத்தை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று சொல்லிக் கொடுத்தேன். பெயரை மட்டும் அவர்கள் ஏதோ போட்டுக்கொண்டார்கள். மூன்று சந்திகளில் பனர் கட்டினார்கள். படம் முடிந்ததும் போய்விட்டார்கள். பனர் அங்கேயே நின்றது. முப்பத்தோராம் நாள் கிரியை கழியுமுன் அஞ்சலிப் பனரில் எங்கள் ஆட்கள் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

முதலில் வந்தவர் என் ஓட்டோவில் வழக்கமாக ஏறுகிற கிண்ணியா மீன் வியாபாரி. "தம்பி, உங்கட காக்கா மௌத்தாப் போனாராமே, ஒரு சொல் சொல்லயில்லையே?"

பனரில் இருப்பது என் காக்கா, அதாவது அண்ணன், என்று நினைத்துவிட்டார். "அது நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவலையில மனிசன் என்னென்னவோ கதைப்பான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி சீனியும் தேயிலையும் கொண்டுவந்து கொடுத்து அழுதாள். பனரில் பெயர் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பதிவுப் பெயர் யாருக்குத் தெரியும் என்றாள். அதுவும் நியாயம்தான்.

அன்று பின்னேரம் சந்தியில் நின்று அந்தப் பனரை நன்றாகப் பார்த்தேன். வெள்ளைத் தலை, கண்ணாடி. அது அண்ணன்தான். என் முகம் என்று தெரியும், வசனம் நான் சொன்னது என்றும் தெரியும், இருந்தும் போனைக் கையில் எடுத்தேன். அவருக்கு ஏதும் நடந்திருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பழைய இலக்கத்துக்கு எடுத்தேன். பாவனையில் இல்லை என்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டிக் கிளிவெட்டிக்கு ஓடினேன். வழியெல்லாம் நானே கிளப்பிய புரளிக்கு நானே பயந்துகொண்டு போனேன்.

ஒழுங்கையில் வெள்ளைக்கொடி இல்லை. அண்ணன் முன்விறாந்தையில் கதிரை போட்டு, கண்ணாடியோடு போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ செத்திட்டாய் எண்டு எனக்கு அந்தப் பனரைப் படம் பிடிச்சு அனுப்பினவங்கள்" என்றார், நிமிராமலே.

"நீங்கள் வரேல்லையே அண்ணை."

"நீ படத்தில சாகிறது எனக்குத் தெரியாதே? எல்லாத்தையும் இதில பாத்தனான். ஒவ்வொருக்காலும் கடைசிமட்டும் இருந்து பாக்கிறனான். ஒருக்கால்கூட நீ எழும்பேல்லை."

எழும்பிச் சிரிப்பதை எடுப்பார்கள், படத்தில் போடமாட்டார்கள் என்று சொன்னேன். "அதையெல்லோ போடவேணும்" என்று எரிந்து விழுந்தார். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பிறகு அண்ணன் கதை சொல்லத் தொடங்கினார். எந்தப் படத்தில் நான் வயலை விற்றுக் குடித்தேன், எதில் மகளுக்காகக் கடலில் விழுந்தேன், எதில் இயக்குநரே என்னை மறந்துபோனார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு கதை.

"மற்றதை மட்டும் பாக்கேல்லை" என்றார். எதை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, அம்மா போன அன்று நான் செத்துக்கிடந்த படம். "அது என்ன கதை?"

"தெரியாது அண்ணை."

பிறகு அந்தப் படத்தைத் தேடிப் போட்டார். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை மணித்தியாலத்தில் நான் வந்தேன். முகத்தில் பவுடர், மூக்கில் பஞ்சு, தலைமாட்டில் குத்துவிளக்கு. முன்பின் தெரியாத பெண்கள் என்னைச் சுற்றியிருந்து அழுதார்கள். அண்ணன் போனை எனக்குக் கிட்டவாகப் பிடித்தார்.

"அம்மாவும் இப்பிடித்தான் கிடந்தவ" என்றார்.

நான் அழுதேன். எந்தப் பக்கம் பார்த்து அழவேண்டும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. படம் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதை எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது.